பூரான் வளர்த்த மாமா

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். உச்சி மாடியில் ஒற்றைக் கயிற்றை நம்பித் தொங்குகிற ஆள். பயம் கிலோ என்ன விலை என்று கேட்பார். மற்றவர்கள் நாய் வளர்ப்பார்கள், மீன் வளர்ப்பார்கள். இவர் பூரான் வளர்த்தார். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழியில் பிடித்ததாம். சாண் நீளம், செங்கல் நிறம். கண்ணாடித் தொட்டியில் ஈர மண் போட்டுக் கூடத்து அலமாரியில் வைத்து, கரப்பான்பூச்சி பிடித்துப் போடுவார். ராணி என்று பெயர் வேறு.

அக்கா பிரசவத்துக்குத் துணையாக வந்து அங்கேயே தங்கிவிட்டவள் நான். அந்த அலமாரிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். பாப்பா தவழ ஆரம்பித்ததும் அவளை இடுப்பைவிட்டு இறக்கவே பயந்தேன். தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் வயசு. ராணியோ மண்ணுக்குள் புகுந்தால் வாரக்கணக்கில் தலைகாட்டாது. உள்ளே இருக்கிறதா, இல்லையா? அக்கா துடைப்பத்தைப் பக்கத்தில் சாத்திவைத்துக்கொண்டுதான் சமைத்தாள்.

"தோண்டித்தான் பாருங்களேன்" என்றாள் ஒருநாள்.

"சும்மா கிளறினா அது பயந்துடும்டி. இதோ பாரு, கண்ணாடி ஓரத்துல காலு தெரியுது. தூங்குது."

தெரிந்தது. மண்ணுக்குள் வரிசையாகக் கால்கள். அப்பாடா என்றிருந்தது. அதற்குப் பிறகு தினமும் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் பாப்பாவைத் தரையில் விடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பிடிவாதமாக நின்றாள். "அது ஏன் ஒரே இடத்துல கெடக்கு? தொறங்க."

மாமா முனகிக்கொண்டே இடுக்கியை விட்டு இழுத்தார். எடையே இல்லாமல் வந்தது. வெறும் தோல். பூரான் தோலுரிக்கும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். மூடியின் வலை ஒரு மூலையில் பிய்ந்திருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பாப்பா எங்க?"

பாப்பா எங்களுக்குப் பின்னால்தான் இருந்தாள். கொடியிலிருந்து எடுத்துப் போட்ட துணிக்குவியலுக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கயிற்றில் தொங்குகிற மனிதருக்குக் கால் எழவில்லை. அக்காதான் பாய்ந்து தூக்கினாள்.

வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். ராணி அகப்படவில்லை. கட்டில், அலமாரி எல்லாவற்றையும் கழற்றி உதறி வேறு வீட்டுக்குப் போனோம். பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமா அவள் ஷூவைக் குப்புறத் தட்டி, உள்ளே விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் மாட்டிவிடுவார். எல்லா அப்பாவும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் அவள். விரலை உள்ளே விடும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வதை நான்தான் பார்க்கிறேன்.