கோயிலில் பேசிய அளவுக்கு

பழிவாங்க எனக்கு உடம்பு ஒத்துழைக்காது. கோபம் வந்தால் எனக்கு முதலில் ஏப்பம்தான் வரும். தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்யும் குமாஸ்தா நான். சண்டை போடுவதென்றாலும் மூன்று பிரதி எடுத்துவைத்துக்கொண்டுதான் தொடங்குவேன். அப்படிப்பட்டவன் ஒருவர் மேல் மூன்று வருஷம் வன்மம் வளர்த்தேன் என்றால், அதற்கு அவரும் கொஞ்சம் உழைத்திருக்க வேண்டும்.

அவர் என் பெரியப்பா. உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருப்பவர். தன் தங்கை மகளை, அதாவது என் அத்தை மகளை, எனக்குக் கட்டிவைத்தவர் அவர்தான். தாத்தா விட்டுப்போன பனந்தோப்பை மனதில் வைத்து, "பனைவிளை வெளிய போயிரக் கூடாதுல" என்றார். மாப்பிள்ளை பார்க்க எப்படி என்ற பேச்சே வரவில்லை. அந்த வகையில் எனக்கு லாபம்.

எங்கள் மகள் ஏழு வயதில் படி ஏறத் திணறினாள். தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றி, தொடையில் கை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்வாள். சோம்பேறித்தனம் என்றேன். அதோடு விட்டேனா? வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் இடுப்பு அசைய நடப்பதை நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். மதுரையில் நரம்பு டாக்டர் அவளை நான்கடி நடக்கச் சொன்னபோது, அந்த நடை எனக்கு மனப்பாடமாக இருந்தது. அத்தனை நாள் அதைப் பார்த்தேனே தவிர, என்னவென்று கேட்கவில்லை. நான் பழிவாங்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான்தான். வசதிக்காக என்னை இரண்டாமிடத்துக்குத் தள்ளிக்கொண்டேன்.

டாக்டர் என் வேலையைக் கேட்டுவிட்டு என் பாஷையிலேயே சொன்னார். "கிரேன்ல கோளாறு இல்ல சார். அதை ஓட்டுற ஆளுங்க ஒவ்வொருத்தரா வேலையை விட்டுப் போறாங்க." முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்பணுக்கள்தான் அந்த ஆட்கள். உத்தரவு வராத தசை மெலிந்துகொண்டே போகும். "அறிவுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களைவிட நல்லாவே பேசுவா."

பிறகு ரத்தப் பரிசோதனை. எனக்கும் என் மனைவிக்கும் ஒரே மரபணுவில் ஒரே பிழை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டு பேரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு நோய். இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவரே என்றால், அது வந்த வழியைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது வீல்சேர் வந்தது. அந்தப் பங்குனி உத்திரத்துக்கு குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போனோம். தேரி மணலில் சக்கரம் புதைந்துவிட, நான்கு பேர் தூக்கிவந்து வேப்பமர நிழலில் வைத்தார்கள். பொங்கல் பானையில் வீட்டு மருமகள்கள் ஆளுக்கொரு கை அரிசி போடுவது வழக்கம். என் மனைவி அரிசியோடு போனாள். பெரியப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"ஏளா, நீ தள்ளி நில்லு. ஒங்க அப்பன் பக்கத்து ரத்தந்தான் இப்படி வந்து நிக்கி. எங்க வம்சத்துல இது கெடயாது."

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் நான் இளித்தேன். சங்கடம் வந்தால் இளிப்பது என் இன்னொரு வியாதி.

அன்று விழுங்கிய பதிலை மூன்று வருஷமாக எழுதித் திருத்தினேன். ஒரு தாளில் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சேதி வந்தது: பெரியப்பாவின் மகன் வழிப் பேத்தியை என் மனைவியின் அண்ணன் மகனுக்குப் பேசி முடிக்கிறார்கள். மறுபடியும் அதே தாத்தா, அதே பனைவிளை.

எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. தாள் தேவையில்லை, பேச்சும் தேவையில்லை. நான் சும்மா இருந்தாலே போதும்.

"அத்தான், போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அவுக வம்சத்துல கெடயாதாமே. பொறவு என்னத்தச் சொல்ல?"

மகள் கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "எப்பா, மாமா வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி கெடயாது. அக்காவுக்கு ஒரு பாப்பா பொறந்தா எதப் புடிச்சு ஏறும்?"

மறுநாள் காலை உடன்குடிக்கு பஸ் ஏறினேன்.

"பதமாச் சொல்லுங்கப்பா" என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். மண்டியில் ஓலைப்பெட்டி அடுக்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வாசலில் நின்றே ஆரம்பித்தேன். நரம்பு, மரபணு, தாத்தா, பேத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்காமல் நிச்சயம் பண்ணக் கூடாது என்றேன்.

பெரியப்பா முகம் கறுத்தது. "ஏலே, மெதுவாப் பேசுல. ஆளுக நிக்காவ."

"நீங்க கோயில்ல பேசுன அளவுக்குத்தான் பேசுதேன் பெரியப்பா."

அந்த நிமிஷம் மாதிரி என் வாழ்க்கையில் இன்னொன்று வராது. திரும்பி வருகையில் பஸ்ஸில் எனக்கு ஏப்பம்கூட வரவில்லை.

இருவருக்கும் பரிசோதனை எடுத்தார்கள். மாப்பிள்ளைப் பையனிடம் பிழை இல்லை. பெண்ணிடம் இருந்தது. கல்யாணத்துக்குத் தடை இல்லை என்றார் டாக்டர். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் பார்த்தார்கள், இல்லை. அவள் அப்பாவிடம், அதாவது பெரியப்பாவின் மகனிடம், இருந்தது. பெரியப்பாவின் ரத்தத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த பங்குனி உத்திரத்தில் அதே வேப்பமர நிழல். நான் தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பானை பொங்கும் முன்பு பெரியப்பா அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு என் மனைவியிடம் வந்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"தாயி, நீ மொதல்ல போடு. அன்னிக்கி நான் சொன்னது தப்பு. எங்க ரத்தந்தான்."

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க மாமா" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. மூன்று கை அரிசி போட்டாள். அவர் தள்ளி நின்றார். வீல்சேரில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

விறகு ஈரம், தீ மங்கியது. இரண்டு பக்கமும் எழுதியிருந்த தாளை எடுத்து மடித்து, நான் அடுப்பை விசிறினேன்.