‘எல்லா’ என்ற சொல்லை நம்பிய ஏஜென்ட்

கடுகண்ணாவையில் மழை பிடித்தால் லேசில் விடாது. அன்றும் அப்படித்தான் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில், “கடுகண்ணாவை மழைவீழ்ச்சித் தரவு எங்களிடம் இருக்கிறதா?” என்று தட்டினேன். “அப்படி ஒரு தரவு இல்லை” என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தரவை முந்தின கிழமைதான் நானே பார்த்திருந்தேன்.

எனக்கு வேலை பல்லேகலயில், ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில். அதற்கு முன் பல வருடங்கள் அரிசிக் குக்கருக்கும் மின்விசிறிக்கும் பாவனைக் குறிப்பு எழுதினேன். பெட்டியைப் பிரிக்கும்போதே அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். இப்போது நான் எழுதுவது ஓர் ஏஐ ஏஜென்ட்டுக்கு. நாம் கேட்பதைப் புரிந்துகொண்டு, எந்தக் கருவியை எடுப்பது என்று தானே தீர்மானித்து, பதிலைத் தேடித் தரும் நிரல் அது. கண்டி மாவட்டத்து மழை, ஆறு, வீதி பற்றி நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் தரவுகளின் பெயர்களைக் காட்ட அதற்கு ஒரு கருவி உண்டு. அந்தக் கருவிக்கான குறிப்பை எழுதுவதும், அதை வாசித்த பிறகு ஏஜென்ட் ஒழுங்காக நடக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. குறிப்பைத் திருத்துவதற்கு முன், இருக்கிறபடியே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

மறுநாள் கந்தோருக்குப் போனதும், அந்தக் கருவியைச் செய்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மடவளையிலிருந்து வருபவர், எனக்குப் பக்கத்து மேசை.

“எங்க ஊருக்கு மழைத் தரவே இல்லேன்னு சொல்லிருச்சுங்க.”

“அது ஈக்குதே! நான்தானே போட்டேன்,” என்றார்.

“ஏன் அப்படிச் சொல்லிச்சுன்னு அதுகிட்டயே கேட்டேன். ஊர்ப் பேரோட எழுத்து மாறியிருக்கலாம்னு சொல்லுது.”

“கேட்டா அது ஏதாவது ஒரு காரணம் சொல்லும். அத நம்பாதீங்க. என்ன செஞ்சிச்சுன்னு பாப்பம்.”

ஏஜென்ட் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும் பதிவாகியிருக்கும். அதைத் திறந்தோம். கருவியை ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டிருந்தது. முதல் பக்கத்துப் பெயர்கள் வந்திருந்தன. இன்னும் பக்கங்கள் உண்டு என்ற அடையாளமும் அடியில் இருந்தது. கடுகண்ணாவை அடுத்த பக்கத்தில் கிடந்தது. ஏஜென்ட் அந்தப் பக்கத்தைக் கேட்கவே இல்லை.

பழைய குறிப்பை இருவரும் சேர்ந்து வாசித்தோம். “இக்கருவி எல்லாத் தரவுகளின் பெயர்களையும் தரும்” என்று இருந்தது.

“இத எழுதினப்ப தரவு கொஞ்சம்தான். ஒரே பக்கத்துல வந்துரும்,” என்றார் அவர். “பக்கமாப் பிரிச்சது பொறகுதான்.”

கண்ணெதிரே அடையாளம் இருந்தும் ஏஜென்ட் அந்த ‘எல்லா’வை நம்பிவிட்டதோ? எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. வேறெதையும் தொடாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சில தடவை பக்கத்தைப் புரட்டியது. சில தடவை புரட்டவில்லை. அந்தச் சொல்லுக்கும் பங்கு இருந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை.

அடுத்து, “கடைசிப் பக்கம் வரை பார்க்கவும்” என்று எழுதினேன். கடுகண்ணாவை உடனே அகப்பட்டது. ஆனால் முதல் பக்கத்திலேயே இருக்கிற கண்டி நகரத் தரவைக் கேட்டபோதும் எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டுத்தான் வந்தது.

“ஒரு சட்டை எடுக்க அலுமாரியையே கொட்டுது,” என்று அவர் சிரித்தார்.

அன்று பின்னேரம் வரை சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு வாக்கியங்களில் வந்து நின்றேன்: “கேட்டது கிடைத்தால் நிறுத்தலாம். கடைசிப் பக்கம் வரை பார்க்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது.”

பிறகு, “கண்டிக் கடற்கரையின் அலை உயரத் தரவு இருக்கிறதா?” என்று தட்டினேன்.

எட்டிப் பார்த்தவர், “கண்டில ஏது கடல்?” என்றார்.

“அதுக்குத்தான் கேக்குறேன். இல்லாதத இல்லேன்னு ஒழுங்காச் சொல்லுதான்னு பாக்கணுமே.”

ஏஜென்ட் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு வாங்குவது திரையில் தெரிந்தது. “கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். அப்படி ஒரு தரவு இல்லை” என்று வந்தது. முந்தின நாள் வந்ததும் ‘இல்லை’தான். ஆனால் இந்த ‘இல்லை’யை என்னால் நம்ப முடிந்தது.

எல்லாக் கேள்விகளும் தேறிவிடவில்லை. வீதிகளைப் பற்றிய ஒரு கேள்விக்கு இன்னமும் பாதியில் நின்றது. ஏன் என்று அன்று பிடிபடவில்லை. நான் அந்தப் பதிவைத் துருவிக்கொண்டிருக்க, அவர் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“வீதிய வுடுங்க, ஆத்தக் கேளுங்க. மகாவலித் தரவுக்கு மூணு விதமாப் பேர் போட்டு வெச்சீக்கிறேன். எத எடுக்குதுன்னு பாப்பம்.”