அம்மா பார்க்காத முகம்

அம்மா குடவாசல் பக்கம் பிறந்தார்கள். பதினேழு வயதில் அப்பாவை மணந்து இந்த ஊருக்கு வந்தார்கள். அப்பா பயிரிட்டது குத்தகை நிலம். அவர் குத்தகைதாரராகத் தம் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்ததும் நிலக்காரருக்கு ஆத்திரம் வந்தது. அவருடைய நிலங்களை மேற்பார்வையிட்ட காரியக்காரர் வரப்பில் நின்று, "அறுப்புக்கு இறங்குனா கை இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுப்பன்று பத்துப் பேர் வந்தார்கள். அப்பாவின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று, மண்டை பிளந்தது. துண்டான கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அம்மா வண்டியில் ஏறினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே அப்பா இறந்துவிட்டார்.

அன்று மாலை அம்மா சொன்னதை என் பள்ளி நோட்டில் எழுதினேன். எனக்கு வயது பதினான்கு. "வெட்டுனவன் மூஞ்சியில துண்டு கட்டியிருந்தான்டி. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது."

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "காரியக்காரன்தானே?" என்றார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்கள். சில நாளில் அந்தத் துண்டு முகத்திலிருந்து தோளுக்கு இறங்கியது. கோர்ட்டில் துண்டே இல்லை. "இவருதாங்கய்யா" என்று அம்மா காரியக்காரரை நோக்கிக் கை நீட்டினார்கள். காரியக்காரர் பதினோரு ஆண்டு சிறையில் இருந்தார்.

அம்மா பொய் சொல்லவில்லை. நினைவு மூளையில் படம்போல மாறாமல் கிடப்பதில்லை. எடுக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டி, கட்டியதையே திரும்ப வைக்கிறது என்று ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். நானும் எழுதியதை மறந்து, அம்மா சொன்ன முகத்தையே நம்பினேன்.

சென்ற ஆண்டு அந்த நோட்டு கிடைத்தது. படித்துக் காட்டினேன். அம்மா செம்பை வீசினார்கள்; என் நெற்றியில் மூன்று தையல். "உங்கப்பன் கையை மடியில வச்சிருந்தவ நான். எனக்கு நீ சொல்றியா?" ஐந்தாம் நாள், "காரைக் கூப்பிடு" என்றார்கள்.

குத்தாலத்தில் காரியக்காரர் எங்களைத் தம் வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்.

"என்னைப் பார்த்தியா, இல்லியா?"

"இப்பவும் கண்ணை மூடினா உங்க மூஞ்சிதாங்க வருது. ஆனா அன்னிக்கு நான் பார்க்கலீங்க."

"பதினோரு வருஷத்தைத் தின்னுட்டு, இப்ப வந்து என் காதுல சொல்றே. உன்னை வெட்டிட்டு நிஜமாவே உள்ள போயிருக்கணும். போ, ஊர்ல போய்ச் சொல்லு."

"சொல்றேங்க" என்றார்கள் அம்மா. ஊர்க்கூட்டத்துக்குக் காத்திருந்தோம். அதற்குள் அம்மா மாரடைப்பில் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு வடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. அம்மாவின் இந்த நினைவு மலர் ஊரில் எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஆகவே அம்மா சொல்ல இருந்ததை இங்கே எழுதுகிறேன். அப்பாவை வெட்டியவரின் முகத்தை அம்மா பார்க்கவில்லை. அது காரியக்காரர்தானா என்பது எங்களுக்குத் தெரியாது. அவரைச் சிறைக்கு அனுப்பியது எங்கள் சொல்.