எட்டுப் பேரின் பயம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம், பிற்பகலில் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடம். அந்த ஆண்டு நான் உடற்பயிற்சியையும் கூடுதலாக எடுத்திருந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலைப்பந்து ஆடக் கற்றுக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி.

எங்கள் விரிவுரையாளர் ஒரு சீனப் பெண்மணி. நீச்சல் வீராங்கனை, அகலமான தோள்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அவருடைய தலைக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: போட்டி தொடங்குவதற்கு முன்னால் ஆடுகிறவரின் மனம் என்ன பாடுபடுகிறது? இதையெல்லாம் ஆராய்ச்சி செய்வார்கள் என்பதே எனக்குப் புதிது. ஆட்டம் என்றால் கை, கால், மூச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் ஆங்கிலத்தில் இருபது கேள்விகள் எழுதியிருந்தார். ஒரு மலாய்க் குழு, ஒரு சீனக் குழு, ஒரு தமிழ்க் குழு. மூன்று குழுக்களிடமும் பயிற்சியின்போது ஒருமுறை, போட்டியன்று ஒருமுறை அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட வேண்டும். தமிழ்க் குழுவை என்னிடம் ஒப்படைத்தார்.

குழுவைப் பிடித்துக்கொடுத்தவர் என் கணவர். சாலை வேலைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் அவர் கிராணி, கணக்கெழுதும் எழுத்தர். அங்கே தார் போடும் தொழிலாளர்கள் எட்டுப் பேர் கயிறு இழுக்கும் குழு ஒன்று வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் ஃபேரர் பார்க் திடலில் பயிற்சி. இரண்டு ஆண்டுகளாக இறுதிப் போட்டி வரை வந்து, இரண்டு முறையும் தோற்றிருந்தார்கள்.

கேள்விகளைத் தமிழில் எழுதி முடித்ததும் கணவரிடம் படித்துக் காட்டினேன். ஏழாவது கேள்வியில் அவர் கையை உயர்த்தினார்.

"என்னது? திரும்பப் படி."

"போட்டிக்கு முன் உங்கள் வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறப்பதுபோல் உணர்கிறீர்களா?"

"இதைப் போய் அவங்ககிட்ட கேட்டா, டீச்சருக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு நினைப்பாங்க."

"இங்கிலீஷ்ல பதற்றத்தை அப்படித்தான் சொல்வாங்க. மிஸ் எழுதினதை மாத்தக் கூடாதுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து திடலுக்குப் போனேன். மரக்கிளையில் மாட்டிய உருளை வழியாகக் கயிற்றைப் போட்டு, கல் நிரப்பிய தார்ப் பீப்பாய் ஒன்றைத் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளரான மண்டோர்தான் குரல் கொடுப்பவர். "தாரிக்!", அதாவது இழு, என்று அவர் மலாயில் கத்தியதும் எட்டு முதுகும் ஒன்றாகச் சாயும். பீப்பாய் மேலே ஏறும்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மண்டோர் நெஞ்சை நிமிர்த்தினார். "பயம்கிற பேச்சே நம்ம கூட்டத்துல கிடையாது டீச்சர். வேணும்னா கேட்டுப் பாருங்க லா."

ஒவ்வொருவராகத் தனியாக வந்து திடல் ஓரத்துப் பெஞ்சில் என் எதிரே உட்கார்ந்தார்கள். கணவர் கொஞ்சம் தள்ளி, சைக்கிளைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் வந்தவர் கயிற்றின் முன்னால் நிற்கும் ஆள், ஒல்லியானவர், வாயாடி. முதல் ஆறு கேள்விகளுக்கும் "இல்ல, இல்ல" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஏழாவது வந்தது.

"பட்டாம்பூச்சியா? நான் காலையில ரெண்டு தோசைதான் சாப்பிட்டேன் டீச்சர்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். தாளை மடியில் கவிழ்த்து வைத்தேன். "சரிண்ணே, நீங்களே சொல்லுங்க. போட்டி அன்னைக்கு வயிறு என்ன பண்ணும்?"

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். குரல் இறங்கியது. "புளியைக் கரைக்கும் டீச்சர். விசில் ஊதுறவரைக்கும் கரைச்சுக்கிட்டே இருக்கும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இங்க நான் ஒருத்தன்தான் இப்படி."

இரண்டாவது ஆளுக்குத் தொண்டை வற்றிப்போகுமாம். மூன்றாவது ஆளுக்குக் கை உதறுமாம். அதை மறைக்க மண்ணை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம். இன்னொருவர் நெளிந்து நெளிந்து, கடைசியில் என் கணவரைக் கூப்பிட்டு அவர் காதில் சொன்னார். அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டியிருக்கிறதாம். ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது சொன்னது மட்டும் ஒன்றுதான்: "மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். எனக்கு மட்டும்தான் இப்படி."

எட்டாவதாக வந்தவர் கயிற்றின் கடைசி ஆள். கயிற்றைத் தோள் வழியாக உடம்பில் சுற்றிக்கொண்டு நிலைத்து நிற்பவர். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சு முனகியது. மாதா கோவில் பூசை முடிந்து நேரே வந்திருந்ததால் சட்டைப் பையில் செபமாலை இருந்தது. கேள்வி கேட்கும் முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நான் வாந்தி எடுப்பேன் டீச்சர். ஒவ்வொரு தடவையும். சிகரெட் பிடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போயிடுவேன்."

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"தொட்டதே இல்ல."

மறுநாள் எல்லாவற்றையும் விரிவுரையாளரிடம் சொன்னேன். பட்டாம்பூச்சியைக் கைவிட்டதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புளி கரைப்பது என்றால் என்ன என்று விளக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். "அவர்களிடம் இதைச் சொல்லிவிடலாமா? ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைக்கிறார்களே" என்றேன். உடனே அவர் முகம் மாறியது. ஒருவர் நம்மை நம்பிச் சொன்னது அவருடைய சொத்து, அவரிடம் கேட்காமல் அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை என்றார். அது ஆராய்ச்சியைக் கெடுக்காதா என்று கேட்டேன். "கெடுக்கலாம். ஆனால் அவர்கள் மனிதர்கள். முதலில் போய்க் கேள்" என்றார்.

அடுத்த ஞாயிறு போனேன். எட்டுப் பேருக்கும் பயம் என்று சொல்லிவிட்டால் பெயரை மறைத்தும் பயனில்லை என்பது வழியில்தான் உறைத்தது. ஆகவே ஒவ்வொருவரிடமும் அதையே வெளிப்படையாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதிலிருந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. வாயாடியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எல்லாருக்கும் பயம் இருக்குன்னு மொத்தமா சொன்னா உங்களுக்குச் சம்மதமா?"

"எல்லாருக்குமா?"

அவர் கண்கள் விரிந்தன. நான் வாயை மூடுவதற்குள் திடலின் அந்தக் கோடி வரை கேட்கும்படி கத்தினார்: "டேய்! உங்களுக்கும் புளியைக் கரைக்குதாடா?"

பீப்பாய் தொம்மென்று தரையில் விழுந்தது. ஏழு பேரும் கயிற்றை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். போச்சு, இனி யாரும் என்னிடம் வாயே திறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பிறகு கயிற்றின் கடைசியில் நிற்கும் அந்தப் பெரிய ஆள் மெதுவாகச் சொன்னார். "எனக்கு வாந்தி வரும்."

"அது தெரியும்டா" என்றார் பக்கத்தில் நின்றவர். "சிகரெட் நாத்தமே இல்லாம திரும்பி வர்றவன் நீ ஒருத்தன்தான். எனக்குத் தொண்டை வத்திப்போயிடும், அதான் நான் யாரையும் ஒண்ணும் கேட்டதில்ல."

அவ்வளவுதான். ஒருவர் கையை நீட்டி எப்படி உதறும் என்று நடித்துக் காட்டினார். ஒதுங்கப் போகிறவர், தான் போகும் வேகத்தில் ஓடிக் காட்டினார். புல்லில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். எல்லாரும் மண்டோரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கு மட்டும் என்ன? போட்டின்னா மூணு நாளைக்குத் தூக்கமே கிடையாது."

அவர்களாகவே ஒன்று முடிவு செய்தார்கள். போட்டியன்று யாரும் தனியாக ஒதுங்குவதில்லை. வட்டமாக நின்று அவரவர் உடம்பு என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு கயிற்றைத் தொடுவது.

அடுத்த நாலு ஞாயிறும் நாங்கள் போனோம்; நாலாவது ஞாயிறன்று இறுதிப் போட்டி அதே திடலில் நடந்தது. விரிவுரையாளர் குடையோடு வந்திருந்தார். எதிரணி துறைமுகத் தொழிலாளர்கள், முந்தைய இரண்டு ஆண்டும் இவர்களைத் தோற்கடித்தவர்கள். எங்கள் ஆட்கள் வட்டமாக நின்றார்கள். பெரிய ஆள் அன்றும் வாந்தி எடுத்தார். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் அல்ல. ஒருவர் முதுகைத் தடவ, இன்னொருவர் தண்ணீர் போத்தலை நீட்ட, வாயைக் கொப்பளித்துவிட்டு, "சரி, வாங்க" என்றார்.

முதல் இழுப்பில் தோற்றார்கள். இரண்டாவதில் வென்றார்கள். மூன்றாவதில் கயிறு நடுவில் வந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். மண்டோர் கத்தவில்லை, தாழ்ந்த குரலில், "இரு... இரு... கரைக்கட்டும்... இரு..." என்றார். இழுத்துக்கொண்டிருந்த வாயாடியின் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். "தாரிக்!" என்ற சத்தம் வந்தது. எட்டு முதுகும் சாய்ந்தன. எதிரணியில் ஒருவரின் கால் ஈரப்புல்லில் வழுக்கியது. கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

நான் ஒரு ஆசிரியை என்பதை மறந்து துள்ளிக் குதித்தேன். "பார்த்தீங்களா மிஸ்? பேசினதால ஜெயிச்சாங்க!" என்றேன். அவர் குடையை மடக்கினார். ஒரு போட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, கால் வழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். அதோடு, தங்களுக்குள் பேசிக்கொண்டுவிட்டதால் தமிழ்க் குழுவின் பதில்களை மற்ற இரண்டோடு ஒப்பிட முடியாதாம். இத்தனையும் சொன்னவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் அவருடைய கட்டுரையின் கடைசியில் எங்கள் குழுவுக்கென்று தனியாக இரண்டு பக்கம் எழுதினார்.

அதற்குள் எட்டுப் பேரும் எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். யாரையாவது தோளில் தூக்க வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு. என் முன்னால் வந்ததும் தயங்கி நின்றார்கள்.

"டீச்சரை எப்படிடா தூக்குறது? மரியாதையா இருக்காது" என்றார் பெரிய ஆள்.

"அப்ப சாரைத் தூக்குங்க!" என்றார் வாயாடி.

ஆறு வாரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யாத என் கணவர், "ஏய், வேணாம், நான் என்ன பண்ணினேன்" என்று சொல்லச் சொல்ல மேலே போனார். ஒரு கையால் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் யாருடைய தலைமுடியையோ பற்றிக்கொண்டு, திடலை ஒரு சுற்று வலம் வந்தார். கீழே இறக்கியபோது அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சேற்றுக் கைத்தடங்கள். வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டு ஊற வைக்கலாம் என்றேன். இப்படியே மாட்டி வைக்கலாமே என்றார் அவர்.