ஜடை தைத்தவளின் பெயர்

நீங்கள் பொய் எழுதினீர்கள். என் கண்காட்சிக்காக நீங்கள் போட்ட புத்தகத்தில், பெண்களை நான் எப்போதும் பின்னாலிருந்தே படம் எடுப்பதற்கு ஐரோப்பிய ஓவியர்கள்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓவியங்களை நான் முதன்முதலில் பார்த்ததே உங்கள் மேசையில்தான். அதற்குள் பத்து வருடப் படங்கள் என் பெட்டியில் சேர்ந்துவிட்டன.

தொண்ணூறுகளில் காக்ஸ் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். வளைகாப்பு முடிந்த பெண்களைப் பூ ஜடையோடு அங்கே அழைத்து வருவார்கள். பின்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழ எடுக்க வேண்டும். ஒருநாள் கண்ணாடியை நான் சரியாகச் சாய்க்கவில்லை. முகம் நன்றாக வந்தது. ஜடை இடுப்போடு நின்றுவிட்டது. வீட்டார் அதையே வாங்கிப்போனார்கள்.

மூன்றாம் நாள் பக்கத்து ஜீவனஹள்ளியிலிருந்து ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்த ஜடையைத் தைத்தவள். படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

“ஏம்மா ஃபோட்டோக்காரம்மா, மீதி ஜடை எங்க? உன் வூட்ல வச்சிருக்கியா?”

முகம் நன்றாகத்தானே வந்திருக்கிறது என்றேன்.

“மூஞ்சி அவங்கம்மா குடுத்தது. நான் காலைலேர்ந்து குந்திக்கினு தச்சது பின்னாடி இருக்குது.”

எனக்குக் கோபம் வந்தது. போ என்றேன். போகவில்லை. படத்தில் விரலை வைத்து எதெல்லாம் விட்டுப்போயிற்று என்று காட்டினாள். மல்லிகை மொக்குகளை அவள் நெருக்கித் தைக்கவில்லை. வரிசைக்கு வரிசை முடி தெரிய விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். கறுப்பு தெரியாவிட்டால் வெள்ளைக்கு என்ன மரியாதை என்றாள். நான் எடுக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை, நீங்கள் உட்பட.

அடுத்த வாரம் அவள் தைத்த இன்னொரு ஜடை வந்தது. கண்ணாடியை நகர்த்திவிட்டு, அந்தப் பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லி எடுத்தேன். முகம் இல்லாத படம் எதற்கு என்று கணவன் சண்டை போட்டு, வாங்க மறுத்துவிட்டான். ஜடைக்காரி வந்து அதை எடுத்துப்போனாள். தன் வேலையைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள். என் படத்தை முதலில் ஊருக்குக் காட்டியது அவள்தான்.

அதன் பிறகு எங்கே போனாலும் பின்னால் போய்த்தான் நின்றேன். பொம்மசந்திராவில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள். சர்ச் பெஞ்சுகளில் முக்காடு போட்ட தலைகள். ‘முகம் பறிக்கப்பட்டவர்கள்’ என்று நீங்கள் எழுதுகிறீர்கள். யார் பறித்தது? முகம் அவர்களிடம்தான் இருக்கிறது, வேறு பக்கம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். தங்கள் கண்ணுக்கே எட்டாத இடத்தில் எவ்வளவு கவனமாக வாரிப் பின்னியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் எடுத்தேன்.

இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி, அவள் பெயரையும் முழுதாக எழுதி உங்களிடம் கொடுத்தேன். புத்தகத்தில் அது இல்லை. திறப்பு நாளில் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது, ஆனால் தன் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் கண்டுபிடித்துவிடுவாள். ஒவ்வொரு பக்கமாகக் கடைசி வரை புரட்டினாள். மூடி வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்களிடம் கேட்டபோது, பூக்காரி பெயரைப் போட்டால் புத்தகத்தின் தரம் குறையும் என்றீர்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை எழுத வேண்டியவர் நீங்கள். கண்காட்சி முடிகிற நாளில் உங்களைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். மைக்கில், எல்லார் முன்னாலும், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்: அந்தப் பெயரை ஏன் அடித்தீர்கள்?