ஒரு வேப்பங்கன்றும் என் வார்டும்

ஓட்டுக் கேட்கும் தொழிலில் முதலில் தேய்வது செருப்பு என்பார்கள். எனக்குத் தேய்ந்தது மண்வெட்டி. போன வார்டு தேர்தலில் வெறுமனே கும்பிட்டுக் கும்பிட்டே ஏழு ஓட்டில் தோற்றேன். இந்த முறையும் தோற்றால் பேசாமல் தென்னந்தோப்போடு இருந்துகொள் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் மரம் நடுகிறார்கள், வாய்க்கால் சுத்தம் செய்கிறார்கள் என்று எங்கே கேள்விப்பட்டாலும் முதல் ஆளாகப் போய் நின்றேன். வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

குழி தோண்டிய கதை

சுற்றுச்சூழல் தினத்தன்று பொன்னாத்தாள் அக்கா வீட்டு வாசலில் ஒரு வேப்பங்கன்று நட்டேன். அந்த அக்கா பேச்சுக்கு எங்கள் தெருவில் பத்து ஓட்டாவது மாறும். கேரளத்தில் மழை கொட்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் எல்லைப் பக்கம் மட்டும் அது எட்டிக்கூடப் பார்க்காது. "கன்னு நட்டுப்போட்டே, சரி அம்மிணி. தண்ணி ஆரு ஊத்தறது?" என்றார் அக்கா. நான்தான் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய்க்காகத் தினமும் காலையில் குடத்தோடு போனேன். ஒரு வாரம் பார்த்த அக்கா ஒருநாள் வாசல் கூட்டிக்கொண்டே சொன்னார்: "நீ ஜெயிச்சா இந்தக் கன்னு செத்துப்போயிரும் அம்மிணி. தோத்தாத்தான் அடுத்த எலெக்சன் வரைக்கும் தண்ணி ஊத்துவே."

வாய்க்காலில் கிடைத்தவர்

அடுத்தது வாய்க்காலில் பிளாஸ்டிக் பொறுக்குவது. மதகடியில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய சுருணையை நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். விரித்துப் பார்த்தால் போன தேர்தலுக்கு நான் வைத்த பிளக்ஸ் பேனர். சேறு வழிய நானே கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருக்கிறேன்!

மானம் போயிற்று. இந்தத் தடவை எல்லாம் துணி பேனர்தான் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன். கடைமடையில் நிலம் வைத்திருக்கும் சின்னச்சாமி அண்ணன் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "ஏனுங்க, இத்தன வருசமா எங்க தோட்டத்துக்குத் தண்ணி வராததுக்கு நீங்கதானுங்களா காரணம்?"

முதல் லோடு

ஆனி முடிந்தும் குளம் காய்ந்தே கிடந்ததால் தூர் வாரினோம். டிராக்டர் எங்களுடையது. நான் கரையில் நின்று, இந்த வண்டல் மண் வசதியில்லாதவர்களின் மானாவாரிக் காட்டுக்குத்தான் முதலில் போகும் என்று முழங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் முதல் லோடை நேராகக் கரையை ஒட்டிய எங்கள் தென்னந்தோப்பில் கொண்டுபோய்க் கொட்டினார். குளத்துக்குள் கூடை தூக்கியவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த எதிர்க்கட்சிக்காரர் படம் பிடிக்கச் செல்போனை எடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை. "வண்டி குடுக்கறவனுக்கு மொத லோடுங்கறது ஊர் வழக்கம்தானே?" என்றார் வீட்டுக்காரர். வழக்கம்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்கிற வீட்டுக்கு அந்த வழக்கம் கிடையாது என்று சொல்லி மண்வெட்டியை எடுத்தேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கூடை பிடித்தார். அள்ளிய மண்ணையெல்லாம் திரும்ப ஏற்றிப் பொன்னாத்தாள் அக்காவின் கடலைக்காட்டில் கொட்டினோம். எதிர்க்கட்சிக்காரர் அதையும் படம் பிடித்தார், பாவம்.

அக்கா குவியலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கூடை கொறையுது அம்மிணி. உன்ற ஊட்டுக்காரர் செருப்புல ஒட்டியிருக்கும், தட்டிப் பாரு."

ஜெயித்த மறுநாள்

இந்தத் தடவை ஜெயித்தேன். போன முறை போன ஏழு ஓட்டு, கூட நாலைந்தையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. ராத்திரியெல்லாம் பட்டாசு. மறுநாள் சற்று அசந்து தூங்கிவிட்டு, எட்டரை மணிக்குக் குடத்தோடு அக்கா வாசலுக்கு ஓடினேன். கன்றைச் சுற்றி மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷமெல்லாம் அந்த ஈரத்தைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது.

அக்கா வெளியே வந்து என் கையிலிருந்த குடத்தைப் பார்த்தார். "நீ ஜெயிச்சுப்போட்டேன்னு நேத்தே சொன்னாங்க. இனி நீ எங்கே வரப்போறேன்னு நானே ஊத்திப்போட்டேன் அம்மிணி."

இப்போதெல்லாம் ஆறு மணிக்கே குடத்தோடு போய்விடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் அந்த வேப்பங்கன்றே எனக்கு எதிராக நின்று ஜெயித்துவிடும்.