சரியாக ஐந்து மணிக்கு

“…கேக்கலீங்க. ஒரு பாட்டுக்கூட முழுசாக் கேக்கலீங்க. பொய் சொல்லி இதைத் தலையில வெச்சுக்க எனக்கு இஷ்டமில்லீங்க,” என்று அந்தப் பெண் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் மைசூர்ப் பேட்டா இருந்தது. ஜரிகைக் கரை போட்ட பட்டுத் தலைப்பாகை அது. இந்த ஊரில் யாரைக் கௌரவித்தாலும் அதை வைத்துத்தான் கௌரவிப்பார்கள். தோளில் சால்வை, கையில் பழத்தட்டு. எதிரே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நூலகர், புகைப்படத்துக்காக வரவழைத்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் மேடை ஓரத்தில், நன்றியுரைக் காகிதத்தோடு நின்றேன்.

அவள் அப்படிச் சொல்லும்படி ஆனதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் பகுதிப் பொது நூலகத்தில் அந்த நவம்பர் முழுவதும் மாலை வேளையில் இலவசக் கலை நிகழ்ச்சிகள் நடந்தன. ஒரு நாள் வீணை, ஒரு நாள் தோல்பாவை, ஒரு நாள் பிள்ளைகளின் கோலாட்டம், பல நாள் கன்னடக் கவிதைகளை மெட்டுப் போட்டுப் பாடும் பாவகீதம். கடைசி மாலை தமிழ்ப் பாட்டுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். நூலகத்தில் இருப்பது ஒரே கூடம். படிக்கிற மேஜைகளை வராந்தாவில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுத்தான் நாற்காலி போட முடியும். நான் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பத்தாவதோடு நின்ற படிப்பின் மிச்சத்தை அந்தக் கூடத்தில்தான் படித்தேன். நூலகர், “மேடைப் பொறுப்பு உங்களுது” என்றபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

முதல் நாள் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்தாள். தோளில் பை, உள்ளே நீலநிற நர்ஸ் கோட்டின் ஓரம் தெரிந்தது. ஜன்னல் பக்கம் போனவள் அங்கே நின்று தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க அங்கிள், என்ற மேசைய எங்கீங்க தூக்கீட்டுப் போனீங்க?”

அந்த ‘என்ற’வைக் கேட்டதுமே, எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிப் பக்கம் என்று தெரிந்தது. அந்தப் பேச்சை மைசூரில் கேட்டால் நான் கொஞ்சம் கூடுதலாகவே நின்று பேசுவேன்.

“மேடையில இருக்கும்மா. விருந்தினர் உட்கார நல்ல மேஜை அது ஒண்ணுதான்.”

அவள் மேடையைப் பார்த்தாள். மேஜைமேல் பச்சைத் துணி, அதன்மேல் பூச்சாடி, மைக். “துணி போட்டாத் தெரியாம போயிருமுங்களா? அந்தக் காலுக்கடியில அட்டைய மடிச்சு வெச்சிருக்குது பாருங்க, அது நான் வெச்ச அட்டை.”

குனிந்து பார்த்தேன். அட்டை இருந்தது, மருந்துப் பெட்டி அட்டை.

பேச்சுக் கொடுத்ததில் விஷயம் தெரிந்தது. ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் ஒப்பந்த வேலை. நாலு மணிக்கு முடித்து பஸ் பிடித்து இங்கே வருவாள். தங்கியிருக்கும் அறையில் இவளோடு நாலு பேர், ஒரு மேஜையும் கிடையாது. அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கான பரீட்சை, எங்கள் மாதம் முடிந்த மறுநாள் காலை. போன இரண்டு தடவையும் சில மார்க்கில் விட்டுவிட்டாள்.

“அடுத்த தடவை எழுதலாமே?” என்றேன், எல்லோரும் சொல்வதைப்போல.

“அடுத்த தடவை வருமுங்க. எனக்கு வயசு தாண்டிப்போயிரும். உங்கற மாசம் முடியறப்ப எனக்குக் கடைசிப் பஸ்ஸுங்க அங்கிள்.”

அழைப்பிதழ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்தாள்.

“‘சரியாக ஐந்து மணிக்கு’ன்னு போட்டிருக்குதுங்க. நெசமா எத்தனை மணிக்குங்க?”

அதற்குள் நாற்காலிகளைப் போட்டு முடித்த அட்டெண்டர் அம்மா சிரித்துவிட்டாள். இந்த ஊர் மண்டி மொஹல்லாக்காரி, நாலு பாஷையும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள். “நோடி சார், இந்தப் பொண்ணுக்கு நம்ம ஊர் தெரிஞ்சிருக்கு!”

தெரிந்துதான் இருந்தது. தலைமை விருந்தினர் வராமல் விளக்கேற்ற முடியாது. விளக்கேற்றாமல் பிரார்த்தனைப் பாட்டு கிடையாது. பிரார்த்தனை இல்லாமல் வரவேற்புரை கிடையாது. முதல் நாள் விருந்தினர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். அதுவரை கூடத்தில் மின்விசிறி ஓடியது, விளக்கு எல்லாம் எரிந்தது, ஐந்தாறு பேர் பேப்பர் பார்த்தார்கள். அவள் மேடையேறி, பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்தி, பச்சைத் துணிமேல் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பூச்சாடியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். நிகழ்ச்சி முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்ட் படியில், குழல்விளக்கின் கீழே உட்கார்ந்து படித்தாள். கொசு அங்கே அதிகம். படித்ததைவிட அடித்தது ஜாஸ்தி என்று ஒரு நாள் சொன்னாள்.

இதுவே வழக்கமாகிவிட்டது. அட்டெண்டர் அம்மாவிடம் வருகைப் பதிவேடு இருந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். “கால் உள்ளே வந்தா கை இங்க வரணும்” என்று வாசலிலேயே மறித்துக் கையெழுத்து வாங்கிவிடுவாள். அதனால் ஒவ்வொரு நாளும் முதல் வரியில் அந்தப் பெண்ணின் கையெழுத்து இருந்தது.

என் புத்தி கெட்டது இரண்டாவது வாரத்தில். தொழிற்சாலையில் சங்கு ஊதினால் வேலை தொடங்கும். அப்படியே பழகிய உடம்பு. ‘சரியாக’ என்று அச்சடித்துவிட்டு முக்கால் மணி நேரம் ஆட்களைக் காக்கவைப்பது எனக்கு உறுத்தியது. பாவகீதம் பாட வந்தவர்களை நாலரைக்கே வரவழைத்தேன். தலைமை விருந்தினர் ஓய்வு பெற்ற ஒரு கல்லூரி ஆசிரியர். அவர் வீட்டு வாசலில் நானே ஆட்டோவோடு போய் நின்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஏறினார். சரியாக ஐந்துக்கு விளக்கேற்றினோம். நூலகர் கைகுலுக்கினார். எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அவள் நின்றிருந்தாள். மேஜையைப் பார்த்தாள், அங்கே ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டாள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

நன்றியுரை முடித்து நான் வெளியே வந்தபோது புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

“வாட்சு நல்லா ஓடுதாட்ட இருக்குதுங்க அங்கிள்.”

“இன்னிக்கு டயத்துக்கு ஆரம்பிச்சோம்மா.”

“பாத்தனுங்க. முக்கால் மணி நேரம்னா எனக்கு ஒரு பாடமுங்க. நீங்க முன்ன வந்தா நான் பின்ன போறனுங்க, அவ்வளவுதான்.” கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் இன்று வரமாட்டார் என்று நோயாளியிடம் சொல்கிற குரல் அது. காலைத் தட்டிக் கொசுவை விரட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து நான் விருந்தினர்களுக்கு வேறு மாதிரி போன் செய்தேன். “அவசரமில்லை சார், மெதுவா வாங்க. ரிங் ரோட்டுல நெரிசல்.” “மேடம், காபி சாப்பிட்டுட்டே வாங்க, இங்க இன்னும் மைக் சரியாகலை.” மைக் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாடகக்காரர், “ஏன் ஸ்வாமி, என் சிநேகிதரைச் சட்டைகூடப் போட விடாம ஆட்டோவுல ஏத்தினீங்களாம், என்னை மட்டும் குளிச்சுட்டே வரச் சொல்றீங்க?” என்று கேட்டார். ஐந்தே முக்கால் ஆறு மணியாயிற்று. ஒரு நாள் ஆறேகாலும் ஆயிற்று. நூலகருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஒரே ஒரு நாள் ஒழுங்கா இருந்தீங்க, அதுக்கப்புறம் நீங்களும் அவங்களை மாதிரி ஆயிட்டீங்க” என்று வருத்தப்பட்டார். காத்திருந்த ஜனங்களுக்கு நான் செய்தது அநியாயம்தான். அவர்களில் ஒருவர் மட்டும் குறை சொல்லவே இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்குகிறவர்.

அவளிடம் இதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கார் சத்தம் கேட்டு இறங்கும்போது, “உங்கற வாட்சு மறுபடி நின்னுபோச்சுங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

கடைசி நாள் வந்தது. காலையில் எழுந்ததும், நாளைக்கு அவளுக்குப் பரீட்சை என்றுதான் எனக்கு நினைவு வந்தது, நிறைவு விழா என்று இல்லை. ஆனால் அன்று என் போனுக்கு வேலையில்லாமல் போயிற்று. தமிழ்ப் பாட்டுக்காரர்கள் ஒரு பள்ளியின் ஆசிரியைகள். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே வந்து நின்றார்கள், முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும் என்றார்கள். தலைமை விருந்தினர் கடைசியில் வந்து கௌரவத்தைப் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. நூலகரே விளக்கேற்ற, பாடத் தொடங்கிவிட்டார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்து அங்கே குழல்விளக்கும் எரியவில்லை. வாசல்படியில், கூடத்து வெளிச்சம் விழுகிற கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

ஏழு மணிக்குப் பாட்டு முடிந்தது. விருந்தினர் போன் செய்தார். இன்னொரு விழாவில் மாட்டிக்கொண்டாராம், வரவில்லை.

தட்டில் பழம், சால்வை, பேட்டா எல்லாம் தயாராக இருந்தன. பேட்டா நூலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தலையில் வைத்துப் படம் எடுத்ததும், மேடை ஓரத்தில் கையை நீட்டி நிற்கும் அட்டெண்டர் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரிய பெரிய ஆட்கள்கூட அந்த நீட்டிய கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு கழற்றிக் கொடுத்தார்கள்.

“யாருக்காவது போடணுமே,” என்றார் நூலகர். பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் முதல் வரியில் ஒரே கையெழுத்து. அவர் முகம் மலர்ந்தது. “ஒரு நாள் விடாம வந்திருக்காங்க! இப்படி ஒரு ரசிகையா!”

நான் வாயைத் திறப்பதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார். பாடிய ஆசிரியைகள் இருவர் போய் வாசல்படியிலிருந்து அவளைக் கைபிடித்து அழைத்து வந்தார்கள். அவள் விரலைப் புத்தகத்துக்குள் வைத்தபடியே வந்தாள். சால்வை விழுந்தது. பேட்டா ஏறியது. “இரண்டு வார்த்தை பேசுங்க,” என்றார் நூலகர்.

கேட்கவில்லை என்று அவள் சொன்னது அப்போதுதான். நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்; தூங்குகிறவரும் விழித்துக்கொண்டார்.

“கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடுவாங்கன்னு போட்டனுங்க. நான் வந்தது இந்த மேசைக்குங்க. உங்களையெல்லாம் தெனமும் காக்க வெச்சதும் எனக்காகத்தான்னு இப்பத்தான் யோசிக்கறனுங்க.” என் பக்கம் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். அதில் விளக்குக்காரர், மைக்செட்காரர், பூக்காரர் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி எழுதியிருந்தது, இருபது நிமிடத்துக்குக் குறையாது. நூலகம் எட்டுக்கு மூடும். சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து.

அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நாளைக்குக் காலையில எனக்குப் பரீட்சைங்க. அங்கிள் சார்புல நானே சொல்லிப்போடறனுங்க. எல்லாத்துக்கும் நன்றிங்க,” என்றாள்.

மைக்கை அணைத்தாள். பேட்டாவைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே, நீட்டியிருந்த கையில் வைத்தாள். பூச்சாடியையும் மைக்கையும் பழத்தட்டையும் தரையில் இறக்கிவிட்டு, பச்சைத் துணியை நாலாக மடித்து நூலகரிடம் கொடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள்.